நீர்மத்தணிப்பு அழுத்தமானி: ஒரு சொல் விளக்கம்

வேகத்துக்கென்றே திருத்தி அமைக்கப்பட்ட கார்களின் பானட்டைத் தூக்கிப் பார்த்தால், பெட்ரோல் செல்லும் குழாயிலோ அழுத்தத்தைச் சீர்செய்யும் ரெகுலேட்டரிலோ நேரடியாகத் திருகப்பட்ட, ஒன்றரை அங்குல வட்ட முகம் கொண்ட, பெட்ரோலின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு கருவியைக் காணலாம். அதன் கண்ணாடிக்குள் தெளிந்த, கெட்டியான நீர்மம் ஒன்று ஏறத்தாழ முழுவதும் நிறைந்திருக்கும். மேல் விளிம்பில் மட்டும் ஒரு காற்றுக்குமிழி நிற்கும். பட்டறைகளில் இதற்கு ‘லிக்விட் ஃபில்டு கேஜ்’ என்று பெயர். சிலர் சுருக்கமாகக் ‘கிளிசரின் கேஜ்’ என்பர். இரண்டு பெயர்களும் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்கின்றனவே தவிர, அது எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீர்மத்தை மாற்றப் புகுவோர் பெரும்பாலும் கருவியைக் கெடுத்துவிடுகிறார்கள்.

‘கேஜ்’ என்னும் சொல் வடபிரான்சின் பழைய வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பீப்பாயில் எவ்வளவு கள் அல்லது மது இருக்கிறது என்று கணிக்க உள்ளே விடும் அளவுகோலை அது குறித்தது; வரி விதிப்பதற்காகப் பீப்பாய்களை அளந்த அலுவலருக்கும் அச்சொல்லிலிருந்தே பெயர் அமைந்தது. பின்னர் அது தண்டவாள இடைவெளி, கம்பியின் தடிமன், மழையின் அளவு, நீராவியின் அழுத்தம் என்று பல பொருள்களுக்குப் பரவியது. தமிழ் இவற்றை ஒரே சொல்லில் அடைக்கவில்லை. இரயிலுக்கு அகலப்பாதை என்றும், கம்பிக்குத் தடிமன் என்றும், கருவிக்கு மட்டும் ‘மானி’ என்றும் பிரித்துக்கொண்டது. அளவைக் குறிக்கும் ‘மானம்’ என்ற சொல்லின் அடியாக வெப்பமானி, மழைமானி, அழுத்தமானி ஆகியவை அமைந்தன. ‘அள’ என்னும் வினையிலிருந்து ‘அளவி’ என்று ஆக்குவது இன்னும் தமிழ்த்தன்மை உடையது என்பது உண்மைதான். ஆயினும் பள்ளிப் பாடநூல்களால் நிலைபெற்றுவிட்ட ‘மானி’யை இனி அசைப்பதில் பயனில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அழுத்தத்தை அமுக்கம் என்பதால், அங்குள்ள வாசகருக்கு இது அமுக்கமானி.

சிக்கல் முன்னொட்டில்தான் இருக்கிறது. ‘திரவ அழுத்தமானி’ என்று எழுதினால், இயற்பியல் படித்தவர் மனத்தில் பாதரசம் நிற்கும் வளைகுழாயே தோன்றும். அங்கே நீர்மமே அளக்கிறது, அதன் மட்டம் ஏறி இறங்குவதே அளவு. காரில் உள்ள கருவியிலோ நீர்மத்துக்கு அளக்கும் வேலை எதுவும் கிடையாது. அளப்பது பூர்தோன் குழாய். பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது: ஒருமுனை மூடப்பட்ட, தட்டையான, வில்போல் வளைந்த உலோகக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது அது சற்றே நிமிர முயலும், அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெருக்கி முள்ளுக்குக் கொண்டு செல்லும். எஞ்சினின் அதிர்வும் எரிபொருள் பம்பின் துடிப்பும் சேர்ந்தால் முள் படபடவென்று ஆடி, அளவைப் படிக்கவே முடியாமல் போகும். நாளடைவில் பற்களும் தேயும். அந்த ஆட்டத்தைத் தணிப்பதே கிளிசரினின் வேலை. கூடவே பற்களுக்கு மசகாகவும், ஈரக்காற்று உள்ளே படிந்து கண்ணாடி மங்காமல் காக்கும் அரணாகவும் அது பயன்படுகிறது. ஆகவே பயனைப் பெயரில் வைத்து ‘நீர்மத்தணிப்பு அழுத்தமானி’ என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். திரவம் என்பது ஓடுதலைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. நீர்மம் திண்மத்தோடு இணையாக நிற்கும் சொல். எழுதுவோர் தம் விருப்பப்படி எதை ஆண்டாலும், ‘தணிப்பு’ என்ற நடுச்சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது.

கிளிசரினுக்குத் தனித்தமிழ் தேட வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஷீலே என்னும் வேதியியலார் ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடுடன், அதாவது நம் மருந்து நூல்கள் மிருதாருசிங்கி என்று குறிக்கும் பொருளுடன் சேர்த்துக் காய்ச்சியபோது கிடைத்த இனிப்பான பொருள் அது. இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே பின்னர் அதற்குப் பெயரானது. மருந்துக்கடையில் அதே பெயரில்தான் அது கிடைக்கிறது.

இந்த நீர்மத்தின் பிசுப்புத்தன்மை, அதாவது ஓடவிடாமல் எதிர்க்கும் கெட்டித்தன்மை, 20 பாகை செல்சியசில் நீரினதைப் போல் ஏறத்தாழ 1,400 மடங்கு. 60 பாகையில் அது, அதே 20 பாகை நீரோடு ஒப்பிட, சுமார் 80 மடங்காகக் குறைந்துவிடும். நீர் கலந்தாலும் அப்படியே: நூற்றுக்கு 15 பங்கு நீர் சேர்ந்த கிளிசரினின் பிசுப்பு, தூய கிளிசரினினதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் தூய கிளிசரின் சுமார் 18 பாகையிலேயே உறையக்கூடியது என்பதால், குளிர்நாடுகளுக்கான மானிகளில் வேண்டுமென்றே நீர் கலப்பர், அல்லது வெப்பம் மாறினாலும் பிசுப்பு அதிகம் மாறாத சிலிக்கோன் எண்ணெயை இடுவர். சிலிக்கோன் எண்ணெயும் கிளிசரினும் ஒன்றோடொன்று கலவாதவை. எனவே ஒன்றிருந்த மானியின் உறையில் (வெளிக்கூட்டில்) மற்றொன்றை ஊற்றுவதற்கு முன் உள்ளே முழுவதும் துடைத்தாக வேண்டும். சிலிக்கோன் ஒரு துளி பானட்டில் சிந்தியிருந்தால், பிறகு அங்கே அடிக்கும் பெயின்ட் குழிகுழியாக விலகும். வண்ணம் பூசுவோர் அந்த எண்ணெயை வெறுப்பதற்கு இதுவே காரணம்.

மேல் விளிம்பில் உள்ள குமிழியைக் குறையென்று எண்ணி, உறையை விளிம்புவரை நிரப்பிவிடுவதே இத்தொழிலில் மிகப் பரவலான பிழை. பூர்தோன் குழாய் தனக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் தன்னைச் சூழ்ந்த உறைக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாட்டையே காட்டுகிறது. உறை இறுக மூடியிருந்து வெப்பம் ஏறினால் உள்ளழுத்தம் கூடும். முள் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். ஒரு கணக்கைப் பார்ப்போம். 25 பாகையில் உறையின் நூற்றில் 10 பங்கு குமிழியாகவும் 90 பங்கு கிளிசரினாகவும் இருக்கட்டும். பானட்டுக்குள் 85 பாகை ஆகும்போது, பாகைக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வீதம் விரியும் கிளிசரின் 2.7 பங்கு இடத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், குமிழி 7.3 பங்காகச் சுருங்கும். காற்றும் சூடாகியிருப்பதால் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிட 9 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) மேல் ஏறும். உறை சிறிது நெகிழ்ந்து கொடுப்பதால் நடைமுறையில் பிழை இதைவிடக் குறையலாம். ஆனால் குமிழியை 5 பங்காக விட்டால், அதே கணக்கில் அது 25 பி.எஸ்.ஐ.யைத் தாண்டுகிறது.

ஊசிவழி எரிபொருள் பீய்ச்சும் எஞ்சின்களில் பெரும்பாலும் 40 பி.எஸ்.ஐ. அளவிலோ அதற்கு மேலோ அழுத்தம் இருக்கும் என்பதால், சிறு பிழை பொறுக்கத்தக்கது. அமெரிக்காவின் பழைய வி-8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) கார்களில், கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. மட்டுமே தேவைப்படும் இடத்தில், இந்தப் பிழை முள்ளைச் சுழியத்துக்கு அருகே கொண்டுவந்துவிடும். வண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்க, சூடானதும் அழுத்தம் விழுகிறது என்று நம்பி, குற்றமற்ற பம்பைக் கழற்றி மாற்றுவோர் உண்டு. சூட்டோடு உறையின் இரப்பர் அடைப்பானை நகத்தால் சற்று நெம்பினால் அழுத்தம் வெளியேறி முள் சரியான இடத்துக்கு வரும். ஆனால் அப்படியே மூடிவிட்டால், ஆறிய பின் உள்ளே வெற்றிடம் உண்டாகி முள் கூட்டிக் காட்டத் தொடங்கும். நம்பத்தக்க அளவு வேண்டுமானால், எஞ்சின் ஆறியிருக்கும்போது அடைப்பானைத் திறந்து மூடி, அந்நிலையிலேயே படிக்க வேண்டும்; அல்லது காற்றுத்துளை உள்ள அடைப்பானைப் பொருத்தி மானியை நிமிர்த்தியே வைக்க வேண்டும்.

மீள்நிரப்புதல் எனப்படும் வேலை கடினமானதன்று. எஞ்சின் ஆறிய பின், குழாயின் அழுத்தத்தை வெளியேற்றி, மானியைக் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே உள்ள அடைப்பானை அகற்றிப் பழைய நீர்மத்தை வடித்து, அது மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் வெந்நீரால் அலசி நன்றாக உலர்த்தலாம். கிளிசரின் நீரில் கரைவது இதற்கு உதவுகிறது. புதிய கிளிசரின் புட்டியை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் இளகும். மழுங்கிய முனை ஊசியிட்ட சிரிஞ்சில் எடுத்து, மானியைச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடியின் உட்புறத்தில் வழியும்படி மெல்ல விட வேண்டும். அவசரப்பட்டு விட்டால் நுண்குமிழிகள் சிக்கிக் கலங்கித் தெரியும். அவை மேலேற ஓரிரவு ஆகலாம். நீர்மம் ஆறி அறைவெப்பத்துக்கு வந்த பிறகே மட்டத்தைப் பார்த்து, பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு மூட வேண்டும். திறந்த புட்டியை இறுக மூடி வையுங்கள். கிளிசரின் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

நிரப்புவதற்கு முன் நீர்மம் ஏன் குறைந்தது என்று பார்ப்பது முறை. கண்ணாடி விளிம்பின் வளையம் கசிந்திருந்தால் வெளியே பிசுபிசுப்பு இருக்கும். விளிம்பை அழுத்தி மடித்து மூடிய மலிவான மானிகளில் அதை மாற்ற இயலாது. மட்டம் குறையாமல், கிளிசரினின் மேல் மெல்லிய வேறொரு படலம் மிதந்து, அடைப்பானைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால், பூர்தோன் குழாயே விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். கிளிசரினின் அடர்த்தி 1.26, பெட்ரோலினது ஏறத்தாழ 0.75, இரண்டும் கலவாமல் அடுக்காக நிற்பதால் இது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அத்தகைய மானியில் எதையும் நிரப்பாமல், எஞ்சினை மறுபடி இயக்குவதற்கு முன்பே அதைக் கழற்றி எறிந்து புதியதைப் பொருத்த வேண்டும்.