மீன் விட்டுப்போனது எச்சமா?

டங்கிலியோஸ்டியஸ் மீனின் மண்டையோட்டுப் படம். கீழே 'ராட்சத மீனின் எச்சம்' என்று ஒரு வரி. இந்த வாரத்தில் மூன்றாவது முறை இதைப் பார்க்கிறேன். காக்கை எச்சம், பல்லி எச்சம் என்று புழங்குகிறவர்களிடம் போய் மீன் எச்சம் என்றால் எதை நினைப்பார்கள்?

ஃபாசில் (fossil) என்பதைத்தான் இப்படி எச்சம் என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு இலத்தீனில் 'தோண்டி எடுத்தது' என்று பொருள். 1546இல் ஜெர்மானியக் கனிமவியல் அறிஞர் அக்ரிகோலா எழுதியபோது கனிமங்களும் அந்தப் பெயருக்குள் அடக்கம். பழைய உயிர்களுக்கு மட்டும் என்று ஆனது பிற்பாடு.

எஞ்சியது எச்சம், பெயரெச்சமும் வினையெச்சமும் இல்லையா என்பார்கள். சரி, இருக்கின்றன. இந்த மீனுக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இதற்குத் தலையிலும் முன்னுடலிலும்தான் எலும்புக் கவசம்; கிடைப்பதும் பெரும்பாலும் அதுதான். பின்னுடல் கிடைக்காததால்தான் 8, 10 மீட்டர் நீளம் என்றெல்லாம் சொல்லிவந்தார்கள். 2023இல் வந்த ஆய்வு ஏறக்குறைய 4 மீட்டருக்கு இறக்கிவிட்டது.

ஆனால் சேற்றில் பதிந்து கல்லாகிப்போன காலடித்தடமும் ஃபாசில்தானே? அதில் விலங்கின் உடம்பு ஒரு துணுக்குகூட எஞ்சவில்லையே. அப்புறம், கல்லாகிப்போன சாணமும் கிடைக்கிறது. அதற்கு என்ன பெயர் வைப்பார்கள், எச்சத்தின் எச்சம் என்றா?

புதைபடிவம் என்றால் இந்தத் தொல்லை இல்லை. எலும்போ தடமோ சாணமோ, புதைந்து உருவம் நிலைத்தது எல்லாம் அதில் அடங்கும். நல்ல வினைத்தொகை. விண்ணப்பப் படிவம் நினைவுக்கு வருகிறதே என்று ஒருவர் கேட்டார். 'புதை' முன்னால் நிற்கும்போது எந்தப் படிவத்தை நிரப்பப் போகிறோம்? நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் புதைபடிவ எரிபொருள் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். எச்ச எரிபொருள் என்று எழுதினால் சாண எரிவாயு என்றுதான் படிப்பார்கள். 'தொல்லுயிர் எச்சம்' என்று முழுதாகச் சொன்னால் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தலைப்பில் இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது 'தொல்லுயிர்'தான்.

அதே படத்தின் கீழே அடுத்த வரி: 'கூரிய பற்கள் கொண்ட சுறா'. சுறாவும் இல்லை, பற்களும் இல்லை. இது கவச மீன், ஆங்கிலத்தில் பிளாக்கோடெர்ம் (placoderm). கவச மீன் என்ற பெயர் நன்றாகவே இருக்கிறது, ஆங்கிலப் பெயரைத் தட்டுத்தோலி என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டியதில்லை. வாயில் பல்போலத் துருத்தி நிற்பது தாடை எலும்பேதான். மேலும் கீழும் உரசி உரசித் தன்னையே தீட்டிக்கொண்ட கத்தி அலகு.