வெள்ளையா இருந்தா மட்டும் தந்தம் ஆயிடுமா? பழைய கைத்துப்பாக்கிப் பிடிகளோட அறிவியல்

பழைய காலத்து ஐரோப்பியக் கைத்துப்பாக்கிகள்ல பிடி தந்தத்துல இருக்கே, இப்ப ரெப்ளிகா (அசல் மாதிரியே நகல்) செய்றவங்க அதுக்குப் பதிலா என்ன போடுறாங்க, அதுல பாதி ஏன் பாத்தவுடனே பிளாஸ்டிக்னு தெரிஞ்சிடுதுன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. தந்தம் எப்படி ஆனதுன்னு தெரிஞ்சாதான் இதுக்குப் பதில் கிடைக்கும், அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

வரலாற்றை வேகமா சொல்லிடுறேன். 17-ம் நூற்றாண்டு நடுவுல நெதர்லாந்தோட மாஸ்ட்ரிக்ட் ஊர்ல துப்பாக்கிக் கட்டை (பிடியும் குழலைத் தாங்குற பாகமும்) முழுசையும் மரத்துக்குப் பதிலா தந்தத்துலயே செதுக்கி, பிடியோட முனையில தலைக்கவசம் போட்ட வீரன் தலை வச்சு ஜோடி ஜோடியா துப்பாக்கி செஞ்சாங்க. அதுக்கு முன்னாடி ஜெர்மன்காரங்க மரக்கட்டையில மான் கொம்பையும் எலும்பையும் மெல்லிசா அறுத்துப் பதிச்சு, அதுல படம் கீறி, கீறல்ல கருப்பு மை தேச்சு விடுவாங்க. அமெரிக்காவுல 1873-ல வந்த கோல்ட் ரிவால்வருக்குத் தந்தப் பிடி போடுறது பெரிய கௌரவம், ரெண்டாம் உலகப்போர்ல பேர் வாங்கின அமெரிக்க ஜெனரல் பேட்டன் 1916-ல வாங்கின துப்பாக்கியும் தந்தப் பிடி போட்டதுதான். இந்தியாவுல 1986-லயே இந்திய யானைத் தந்த வியாபாரத்தை நிறுத்தினாங்க, 1991-ல ஆப்பிரிக்கத் தந்தத்தையும் சேத்துத் தடை பண்ணாங்க, உலக அளவுல 1989-ல தடை முடிவாச்சு. நம்ம சத்தியமங்கலம் காட்டுல தந்தத்துக்காக எத்தனை ஆண் யானை போச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்தத் தடை ஏன் வந்துச்சுன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

சரி, தந்தம்னா பல்லு. கொலாஜன்ங்கற புரதமும் கால்சியம் பாஸ்பேட் கனிமமும் கலந்தது, உங்க பல்லுல எனாமலுக்கு அடியில இருக்குற டென்டின் இருக்கே, அதேதான். அந்த டென்டினுக்குள்ள ஒண்ணு ரெண்டு மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அகலத்துல கோடிக்கணக்கான குழாய்கள் நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா ஓடுது. நம்ம பல்லுலயும் இந்தக் குழாய்கள் உண்டு. ஆனா யானைத் தந்தத்துல அது நேரா ஓடாம அலை அலையா வளைஞ்சு ஓடுது, அதுவும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களோட அலை கொஞ்சம் கொஞ்சமா தள்ளித் தள்ளி வருது. எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

தந்தத்தைக் குறுக்கா அறுத்து பாலிஷ் போட்டா, சில இடத்துல குழாய் வாய் நம்மளப் பாத்து இருக்கும், சில இடத்துல சாஞ்சு படுத்திருக்கும். மயில்கழுத்துக் கலர் பட்டுப்புடவைய லேசா திருப்பினா நிறம் மாறுமே, அந்த மாதிரி குழாயோட சாய்வப் பொறுத்து வெளிச்சம் திரும்பி வர்றது மாறுது. இதுல எந்தச் சாயமும் கிடையாது, ஒரே பொருள்தான், திசை மட்டும்தான் வேற. சின்னச் சின்ன சாய்சதுரமா வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வந்து, கண்ணுக்கு ரெண்டு பக்கமும் சாய்ஞ்சு ஒண்ண ஒண்ணு வெட்டுற வளைகோடுகளா தெரியும். 1800-ல இத விவரிச்ச ஜெர்மன்காரர் பேர்ல ஷ்ரேகர் கோடுகள்னு சொல்றாங்க. தந்தத்தோட வெளிவிளிம்பு ஓரமா இந்தக் கோடுகள் வெட்டிக்கிற கோணத்தை அளந்தா, சராசரி 115 டிகிரிக்கு மேல இருந்தா யானை, 90-க்குக் கீழ இருந்தா அழிஞ்சுபோன மம்மத். கடத்தல் வழக்குல உண்மையாவே இந்த அளவை எடுக்குறாங்க, ஒரு பாகைமானி போதும், எவ்வளவு அழகு பாருங்க!

இப்ப துப்பாக்கிப் பிடிக்கு வருவோம். பிடிய தந்தத்தோட நீளவாக்குல அறுப்பாங்க, அதனால பக்கவாட்டுல மெல்லிசான இணைகோடுகள்தான் தெரியும், வெட்டிக்கிற கோடுகள் பிடியோட அடிப்பக்கத்துல தெரியும். போலி தோக்குறது இந்த அடிப்பக்கத்துலதான். 19-ம் நூற்றாண்டுல பில்லியர்ட்ஸ் பந்துக்குத் தந்தம் கட்டுப்படியாகாம, மாற்றுப்பொருள் கண்டுபிடிச்சா 10,000 டாலர்னு நியூயார்க் கம்பெனி ஒண்ணு அறிவிச்சுது. அந்தத் தேடல்ல ஜான் வெஸ்லி ஹயாட் நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் கலந்து செல்லுலாய்டுங்கற ஆரம்பகால பிளாஸ்டிக்கைக் கொண்டு வந்தார். அப்புறம் லேசா நிறம் மாறுற செல்லுலாய்டு தாள்களை அடுக்கி அழுத்தி அறுத்து, தந்தத்தோட இணைகோட்டையும் காப்பி அடிச்சாங்க. பக்கவாட்டுல ஏமாந்துடுவோம், ஆனா கோடு ரொம்ப ஒழுங்கா இருக்கும். அடிய திருப்பிப் பாத்தா அங்கயும் அதே இணைகோடுதான், வெட்டிக்கிற கோடு வரவே வராது. அடுக்குனா அடுக்குதான் கிடைக்கும், அலை கிடைக்காது.

பழைய செல்லுலாய்டுத் துண்டு கைக்கு வந்தா துப்பாக்கில மாட்டாதீங்க. வயசாக ஆக அது சிதைஞ்சு நைட்ரஜன் ஆக்சைடு வாயு விடும், காத்துல இருக்குற ஈரத்தோட சேந்தா அமிலம், பக்கத்துல இருக்குற இரும்பு துருப்பிடிச்சே போயிடும். தீயும் சட்டுனு பிடிக்கும், அதனால தந்தமா பிளாஸ்டிக்கான்னு சூடான ஊசி வச்சு டெஸ்ட் பண்றேன்னு இறங்கிடாதீங்க.

எலும்பு போடலாமான்னா, போடலாம், ஆனா எங்கன்னு பாத்துப் போடணும். எலும்புக்குள்ள ரத்தக்குழாய் போன கால்வாய்கள் இருக்கு, பாலிஷ் போட்டதுக்கப்புறம் அது கருப்புப் புள்ளியாவும் குட்டிக் குட்டிக் கீறலாவும் தெரியும், தந்தத்துல அந்தக் கால்வாய் கிடையாது. கொழுப்ப நல்லா எடுக்கலேன்னா நாளாக ஆக மஞ்சள் பாரிக்கும். படம் கீறி மை தேச்சா மை அந்தத் துளைகள்ல இறங்கி கோட்டுக்கு வெளியேயும் பரவும், அதனால மொதல்ல மெழுகு தேச்சு மேற்பரப்ப அடைக்கணும். மாட்டுக்கால் எலும்போட சுவர் கனமும் கம்மி, முழுப்பிடி செதுக்க அகலம் வராது. ஜெர்மன் பாணி மரக்கட்டையில மெல்லிசா பதிக்கிறதுக்கு எலும்பும் மான் கொம்பும்தான் சரி, அசல்லயும் அதுதான இருந்துச்சு. ஆனா நம்ம ஊர்ல மான் கொம்பு வச்சிருக்குறதே சட்ட விரோதம், மாட்டெலும்போட நிறுத்திக்கிறது நல்லது. தென் அமெரிக்கா தாகுவா பனங்கொட்டையும் கடைஞ்சா அசல் தந்தம் மாதிரியே வரும், ஆனா கொட்டை முட்டை சைஸ்தான், சின்னக் குமிழுக்குத்தான் ஆகும். அடர் கந்தக அமிலம் ஒரு சொட்டு விட்டா பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துல ரோஸ் கலரா மாறி காட்டிக்கொடுத்துடும்.

ரிவால்வர் பிடிக்கு என் ஓட்டு மைகார்ட்டாவுக்கு. காகிதத்தை ரெசின்ல (இறுகிக் கெட்டியாகுற செயற்கைப் பிசின்ல) நனைச்சு அடுக்கி சூடும் அழுத்தமும் கொடுத்துச் செய்றது, ஈரத்துக்கு அவ்வளவா அசையாது, ஸ்க்ரூ ஓட்டை பக்கத்துல விரிசல் விடாது. தந்தமே மழைக்காலத்துல உப்பி வெயில்காலத்துல சுருங்கி வெடிக்கும், அந்த வகையில மைகார்ட்டா அசலை விட நல்லாவே உழைக்கும். தேய்க்கும்போது தூசிக்கு மாஸ்க் போடுங்க, எலும்புத் தூசிக்கும்தான்.

இதுல என்ன ரொம்ப சந்தோஷப்படுத்துற வேலை வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடது. 2021-ல அவங்க டிகோரின்னு ஒரு பொருளை வெளியிட்டாங்க. சுமார் 7 மைக்ரான் கால்சியம் பாஸ்பேட் துகளையும் ரொம்ப நுணுக்கமான சிலிக்கா பொடியையும் ரெசின்ல கலந்து, சூடாக்கி, புற ஊதா லேசரால அடுக்கடுக்கா 3டி பிரிண்ட் பண்றது. எல்லாம் ஒரு ஆஸ்திரியா தேவாலயத்துல இருந்த 17-ம் நூற்றாண்டுப் பேழையில உதிர்ந்துபோன தந்த அலங்காரத்தைச் சரி பண்றதுக்காக. பழைய பேழைக்கு ஆராய்ச்சிப் பணமான்னு கேக்குறவங்க இருப்பாங்க. அந்த மாதிரி சின்னத் தேவைக்கு ஒதுக்குற காசுலதான் இப்படிப்பட்ட பொருள் பிறக்குதுன்னு நான் நம்புறேன், நம்ம ஊர்லயும் இதுக்கு ஒதுக்கணும்.

டிகோரிக்கு நிறம் கட்ட அவங்க பயன்படுத்தினது கட்டஞ்சாயா! தந்தத்துல தெரியுற கோடுகளையும் பிரிண்ட் ஆனதுக்கு அப்புறம் மேல தனியா போடலாம்னு சொல்றாங்க. உள்ளுக்குள்ளயே அலை அலையா குழாய் வச்சு, எங்க அறுத்தாலும் ஷ்ரேகர் கோடு தானா தெரியுற மாதிரி ஒரு பிரிண்ட் வரணும், அதுக்குத்தான் நான் காத்திருக்கேன்.