சாகப்போகிறவளுக்கு ஏன் அவ்வளவு பெரிய வாய்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஃபிராங்கோ செஃபிரெல்லி எடுத்த ‘லா டிராவியாட்டா’ படம் பார்த்தேன். கதாநாயகிக்குக் காசநோய் முற்றிவிட்டது, மூச்சுக்கே திணறுகிறாள். ஆனாலும் உச்ச சுரத்தில் பாடுகிறாள். அழவேண்டிய இடத்தில் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் எப்படிச் சமாளித்து எடுக்கிறார்கள்?”

இந்தத் தொல்லை சினிமாவுக்கு முன்பே உண்டு. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் இந்த ஓபரா, அதாவது கதை முழுக்கப் பாட்டாகவே நடக்கும் இசை நாடகம், 1853 மார்ச்சில் வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே அரங்கில் மேடையேறியது. கதாநாயகி வயலெட்டாவாகப் பாடிய ஃபானி சால்வினி-டொனாடெல்லி நல்ல பருமன். நோயில் உருகிச் சாகும் கடைசி அங்கத்தில் சபை சிரித்துவிட்டதாகச் சொல்வார்கள். இருந்தாலும் மேடையில் ஒரு வசதி உண்டு: பின்வரிசைக்காரருக்கு முகம் ஒரு புள்ளிதான். திரையில் அதே முகம் ஒரு மாடி உயரம். 1982இல் செஃபிரெல்லி தெரேசா ஸ்ட்ராட்டாஸ் என்ற ஒல்லியான பாடகியைத் தேர்ந்தெடுத்ததால் உடம்புப் பிரச்சினை தீர்ந்தது. வாய்ப் பிரச்சினை தீரவில்லை. அதை இயற்பியல் விடாது.

ஓபராவில் மைக் கிடையாது. அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டி ஒற்றைக் குரல் கடைசி வரிசைக்குப் போகவேண்டும். வாத்தியக் குழுவின் வலிமை பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை (நொடிக்கு 500 அதிர்வு) ஒட்டி இருக்கிறது, மேலே போகப்போகக் குறைகிறது. ஆண் பாடகர்கள் குரல்வளைக்குச் சற்று மேலே உள்ள பாதையைக் குறுக்கி, 3000 ஹெர்ட்ஸ் அருகே தங்கள் சக்தியைக் குவிக்கிறார்கள். அங்கே வாத்தியங்கள் அடங்கிக் கிடக்கின்றன, நம் காதுக்கோ அந்தப் பகுதிதான் மிகக் கூர்மை. சரி, அவர்கள் பாடு முடிந்தது.

உச்சத்தில் பாடும் பெண்ணுக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. குரல்நாண் அதிரும்போது அடிப்படைச் சுரமும் அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்களும் பிறக்கும் என்பது பள்ளியிலேயே படித்தது. ஆண் குரலில் இவை நெருக்கமாக அடுக்கியிருக்கும். 880 ஹெர்ட்ஸில் பாடும்போது அடுத்த படி 1760, அதற்கடுத்தது 2640. ஏணிப்படிகள் அவ்வளவு தூரம் தூரமாக இருந்தால், வேண்டிய உயரத்தில் ஒரு படி அகப்படுமா என்பது அதிர்ஷ்டம்தான். ஆகவே அவள் அடிப்படைச் சுரத்தையே பெரிதாக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வருகிறது. இப்போதே ஒன்று செய்து பாருங்கள். வாயை ‘ஊ’ என்று குவித்துக்கொண்டு, சத்தம் எழுப்பாமல், கன்னத்தை விரலால் சுண்டுங்கள். ‘டொக்’ என்று கேட்கும். அப்படியே சுண்டிக்கொண்டே வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். ‘டொக்’ மேலே ஏறி ‘டக்’ ஆகும். வாயும் தொண்டையும் சேர்ந்த குழாய்க்குச் சொந்தமாக ஒத்ததிர்வுச் சுரங்கள் உண்டு, தாடை இறங்கினால் அவற்றில் முதலாவது ஏறும் என்பதுதான் விஷயம். ‘ஊ’ சொல்லும்போது அது ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ், ‘ஆ’ என்றால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு.

‘ஊ’ என்ற உயிரொலியை 880 ஹெர்ட்ஸில் பாடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குழாய் 300க்குத் தயாராக நிற்கிறது, சுரமோ எங்கோ மேலே போகிறது. குழாயின் உதவி வீண். எனவே பாடகி தாடையை இறக்கி, குழாயைச் சுரம் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகிறாள். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போலத்தான். ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் இதை விளக்கினார். அவர் கணக்கில் லாபம் அதிகபட்சம் 30 டெசிபல் வரை போகலாம். அதாவது, அதிகமாக மூச்சைச் செலவழிக்காமலே ஆயிரம் மடங்கு ஒலிச்சக்தி! 2004இல் சிட்னியில் ஓர் இயற்பியல் குழு, பாடிக்கொண்டிருக்கும் பெண்களின் உதட்டருகே சிறு குழாய் வழியே வேறொரு ஒலியைச் செலுத்தி, வாயின் ஒத்ததிர்வு சுரத்தைப் பின்தொடர்ந்து ஏறுவதை நேரடியாகவே அளந்துவிட்டது. “இதற்கெல்லாம் ஒரு ஆராய்ச்சியா, இதற்குப் பணமா?” என்று கேட்பவர்களுக்கு நான் எதிர்க்கட்சி. நம் ஓதுவார்களின் தொண்டையை இப்படி அளக்க யாராவது நிதி கொடுத்தால் நான் குழாய் பிடிக்க வருகிறேன்.

இதற்கு விலையும் உண்டு. தாடை அந்த அளவுக்கு இறங்கினால் ‘ஈ’, ‘ஊ’ எல்லாம் ‘ஆ’ ஜாடைக்கு வந்துவிடும். ஓபராவில் உச்ச சுரத்தில் சொல் புரிவதில்லை என்று குறைப்படுகிறோமே, அதில் பாடகியின் குற்றம் கொஞ்சம்தான்.

இப்போது கேமராவை அருகே கொண்டுவாருங்கள். கடைசி அங்கத்தில் வயலெட்டா கடந்த காலத்துக்கு விடைகொடுக்கும் பாட்டு அதே 880 ஹெர்ட்ஸ் சுரத்தில் முடிகிறது. அதை நூலிழைக் குரலில் பாடு என்று வெர்டி எழுதி வைத்திருக்கிறார். மேடையில் அந்த நூலிழை கடைசி வரிசையை எட்டுவதே தாடையின் தயவால்தான். ஆனால் குளோசப்பில் அது பல் டாக்டரிடம் காட்டும் வாய்.

சினிமாவின் பதில் நமக்குப் பழகியதுதான்: பாட்டை முதலில் பதிவு செய், பிறகு படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு உதட்டை அசை. 1953இல் வந்த ‘ஐடா’ படத்தில் திரையில் சோஃபியா லோரன், குரல் ரெனாட்டா டெபால்டி. செஃபிரெல்லி படத்தில் முகமும் குரலும் ஸ்ட்ராட்டாஸுடையதே, ஆனால் இரண்டும் வேறு வேறு நாளில் பதிவானவை. படப்பிடிப்பில் அரங்கை நிரப்பவேண்டிய கட்டாயம் இல்லாததால் தாடை ஓய்வெடுக்கலாம், கண் நடிக்கலாம்.

அப்புறம் வேறொரு சிக்கல். காதில் விழுவது அகலத் திறந்த வாயின் ஒலி, கண்ணில் படுவது பாதி திறந்த வாய். மூளை இரண்டையும் கலந்துதான் கேட்கும். ‘ப’ ஒலிக்குக் ‘க’ சொல்லும் முகத்தைப் பொருத்திக் காட்டினால் பலருக்கும் ‘த’ என்று கேட்கிறது என உளவியல் ஆய்வாளர்கள் மக்கர்க், மக்டொனால்ட் இருவரும் 1976இலேயே காட்டினார்கள். ஆகவே முழுக்க ஏமாற்றவும் முடியாது. ழான்-பியர் பொன்னெல் தன் ‘மதாமா பட்டர்ஃப்ளை’ படத்தில் சில இடங்களில் உதட்டை மூடியே வைத்தார். பாட்டு மனசுக்குள் ஓடுகிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எனக்கு இதுதான் ஆக நேர்மையான தீர்வு.

சாகும் முன் வயலெட்டா வலி போய்விட்டது என்று எழுந்து நிற்பாள். காசநோய்க்காரருக்குக் கடைசியில் விசித்திரமான உற்சாகம் வரும் என்று அக்கால மருத்துவர்களே நம்பினார்கள். ராபர்ட் கோஹ் என்ற ஜெர்மன் மருத்துவர் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தது 1882இல்தான், வெர்டியைக் குறை சொல்ல முடியாது. ஆறு மாத மாத்திரையில் குணமாகக்கூடிய நோயைக் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று இன்னமும் மூடி மறைக்கும் குடும்பங்களைத்தான் சொல்லவேண்டும்.

போன வாரம் சந்தேகம் தீர, மேடை ஒளிப்பதிவு ஒன்றைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டேன். அந்தக் கடைசிச் சுரம் வரும் நேரத்தில் காபியோடு வந்த அம்மா திரையைப் பார்த்து, “பாவம், இந்தப் பொண்ணுக்குக் கடைவாய்ப் பல்லா?” என்றார். செஃபிரெல்லி படத்தின் அதே இடத்தைச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டினேன். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.