மூன்றாவது கட்சி ஏன் முளைப்பதில்லை? 1948 காட்டும் கணக்கு

இத்தனை பெரிய அமெரிக்காவில் இரண்டு கட்சிகளுக்கு மேல் ஏன் தலையெடுப்பதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பணபலம், ஊடகம், பழக்கம் என்று சொல்லப்படும் காரணங்கள் எதுவும் பொய்யல்ல. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில், வாக்குகளை இடங்களாக மாற்றும் விதி ஒன்று வேலை செய்கிறது. ஒரு தொகுதியில் அதிக வாக்கு பெற்ற ஒருவரே வெல்வார், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை என்ற முறை, நாளடைவில் இரு கட்சிகளையே மிச்சம் வைக்கும் என்று பிரெஞ்சு அரசியல் அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1951இல் விளக்கினார். அதிபர் தேர்தலில் மாநிலமே தொகுதி. பெரும்பாலான மாநிலங்களில் முதலிடம் பெறுபவருக்கே அதன் தேர்வாளர் வாக்குகள், அதாவது அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க அம்மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட வாக்குகள், அனைத்தும் போய்ச் சேரும்.

இந்த விதியைப் புரிந்துகொள்ள 1948ஆம் ஆண்டுத் தேர்தலைவிடச் சிறந்த பரிசோதனை இல்லை. அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் ட்ரூமன், குடியரசுக் கட்சியின் டூயி என்ற இரு பெரும் வேட்பாளர்களுக்கு அப்பால், இனப்பிரிவினையை ஆதரித்த ஸ்ட்ராம் தர்மண்டும் அதை எதிர்த்த முற்போக்காளர் ஹென்றி வாலஸும் களத்தில் நின்றனர். இருவருக்கும் ஏறத்தாழ 2.4 சதவீதம், அதாவது தலா பதினொன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டிய வாக்குகள் கிடைத்தன. ஆனால் தர்மண்டுக்கு 39 தேர்வாளர் வாக்குகள். வாலஸுக்கு ஒன்றுகூட இல்லை.

வித்தியாசம் வாக்குகள் விழுந்த இடத்தில் இருந்தது. தர்மண்டின் ஆதரவு தென்மாநிலங்களில் குவிந்திருந்ததால் லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, தென் கரோலினா ஆகிய நான்கையும் அவர் வென்றார். அங்கெல்லாம் ஜனநாயகக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளராக வாக்குச்சீட்டில் இடம்பெற்றவர் அவரே. அலபாமாவில் ட்ரூமனின் பெயரே இல்லை. நாடு முழுவதற்கும் சிறு கட்சியாக இருந்தவர், அந்த நான்கு மாநிலங்களுக்குள் பெரிய கட்சியாக இருந்தார் என்பதுதான் இதில் நான் மிகவும் வியக்கும் நுட்பம். வாலஸுக்கோ நியூயார்க்கில் மட்டும் ஐந்து லட்சம் வாக்குகள் விழுந்தும், அங்கே அவர் மூன்றாமிடம்தான். டூயி ட்ரூமனைவிடச் சுமார் 61 ஆயிரம் வாக்குகள் கூடுதலாகப் பெற்று, அம்மாநிலத்தின் 47 தேர்வாளர் வாக்குகளையும் எடுத்துக்கொண்டார். வாலஸின் ஆதரவாளர்களில் பெரும்பாலோர் டூயியை விரும்பியிருக்க மாட்டார்கள்.

ஆதரவு பெரிதாக இருந்தாலும் பரவலாக இருந்தால் பயனில்லை. 1992 அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ ஏறத்தாழ 19 சதவீதம் பெற்றார். மெய்ன் மாநிலத்தில் அவருக்கு 30 சதவீதம். ஆனால் எங்குமே முதலிடம் இல்லாததால், ஒரு தேர்வாளர் வாக்கும் கிடைக்கவில்லை.

இதைப் பார்த்துவிட்ட வாக்காளர் அடுத்த முறை, பிடித்தவரை விட்டுவிட்டு, பிடிக்காதவரைத் தோற்கடிக்க வல்லவருக்கு வாக்களிக்கிறார். 2000இல் ஃபுளோரிடாவில் குடியரசுக் கட்சியின் புஷ் ஜனநாயகக் கட்சியின் அல் கோரை 537 வாக்குகளில் முந்தியபோது, பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கே 97 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றிருந்தார் என்பது, வாக்கு பிரிந்து பிடிக்காதவர் வென்றுவிடுவார் என்ற அச்சத்தை ஆழமாக்கியது. இப்படி முடிவெடுப்பவர்களைப் பக்குவமற்றவர்கள் என்று பழிப்பதை நான் ஏற்கமாட்டேன். விதி இருக்கும் விதத்தில் அது அறிவார்ந்த முடிவு. பள்ளிக் கணிதத்தில் இந்த எண்ணும் முறைகளை ஏன் கற்பிப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையை மெய்ன் 2018இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அம்முறையில், பின்தங்கியவர்களின் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாறுவதால், வாக்கு பிரியும் என்ற அச்சம் குறைகிறது. ஆனால் அந்த ஆண்டு அதன் இரண்டாம் நாடாளுமன்றத் தொகுதியில், வாக்குகள் மாற்றப்பட்ட பின் வென்றவரும் ஜனநாயகக் கட்சிக்காரரே, ஏனெனில் தொகுதிக்கு இடம் ஒன்றுதான். வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் தந்தால்தான் கணக்கு மாறும். நியூசிலாந்தில் சோஷியல் கிரெடிட் கட்சி 1981இல் ஏறத்தாழ 21 சதவீத வாக்கு பெற்று 92 இடங்களில் இரண்டை மட்டுமே வென்றது; விகிதாசார முறை வந்த 1996இல், நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சி 13 சதவீதத்தை ஒட்டிய வாக்குகளில் 120 இடங்களில் 17 பெற்றது.