மூன்று நாள் மௌனம்: மென்பொருள் வேலையில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு

பாளையங்கோட்டையில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில், புதிதாகச் சேர்பவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, களக்காடு பக்கத்துப் பிள்ளைகள், பெரும்பாலும் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள், கல்லூரி முடித்த கையோடு வருகிறார்கள். கோடு (நிரல்) எழுத வராமல் இவர்கள் திணறுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. தெரியாததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, திரையைப் பார்த்தபடியே நாள்களைக் கழிப்பதைத்தான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு சேர்ந்த ஒரு தம்பியிடம், வண்ணார்பேட்டையில் உள்ள பார்சல் அலுவலகம் ஒன்றின் பில் மென்பொருளைக் கொடுத்திருந்தோம். பில்லில் ‘திருநெல்வேலி’ என்பது ‘திருநெல்வே’ என்று அச்சானது. ‘தென்காசி’யும் ‘நாங்குநேரி’யும் முழுதாக வந்ததால், எழுத்துருவில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, மூன்று நாள் எழுத்துருக்களை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை. நான்காம் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஊர்ப்பெயரைச் சேமித்துவிட்டு, எச்சரிக்கைகளைக் காட்டும் ‘ஷோ வார்னிங்ஸ்’ கட்டளையைத் தட்டினேன். ஊர்ப்பெயருக்கான நெடுவரிசையில் தரவு வெட்டப்பட்டது என்று, தரவைச் சேமித்து வைக்கும் மைஎஸ்கியூஎல் மென்பொருள் தெளிவாகவே சொன்னது.

மிக நீளமான ஊர்ப்பெயர் அம்பாசமுத்திரம், அதில் ஒன்பது எழுத்து, ஆகவே அந்த நெடுவரிசைக்கு நீளம் 10 போதும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். நாம் ஓர் எழுத்தாக எண்ணும் ‘தி’, கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் இரண்டு குறியீடு: தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. அப்படிப் பார்த்தால் ஆறெழுத்துத் திருநெல்வேலிக்கு 12 குறியீடுகள், அம்பாசமுத்திரத்துக்கு 15. நாங்குநேரி சரியாகப் பத்தில் நின்று தப்பித்துக்கொண்டது. மைஎஸ்கியூஎல் 5.7 முதல் கண்டிப்பு முறை இயல்பாகவே இயங்குவதால், இடம் போதாவிட்டால் பிழை காட்டி நிறுத்திவிடும். அந்த வாடிக்கையாளரிடம் அது அணைக்கப்பட்டிருந்ததால் எச்சரிக்கையோடு வெட்டிச் சேமித்தது. இந்தக் கணக்கை எந்தக் கல்லூரியிலும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், ஆகவே தெரியாதது குற்றமே இல்லை. முதல் நாள் மதியமே கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை என்பதுதான் என் ஆதங்கம்.

ஏன் கேட்கவில்லை என்றதற்கு, “இங்கிலீஷ்ல கேட்கணுமோன்னு நெனச்சேன் சார்” என்றார். தாராளமாகத் தமிழிலேயே கேளுங்கள். என்ன வர வேண்டும், என்ன வருகிறது, இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்; எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடுகிறது. பிழைச் செய்தியைக் கண்டதும் மூடிவிடாமல் படியுங்கள். பைத்தான் நிரல்மொழியில் கடைசி வரியிலிருந்து மேலே போக வேண்டும். ஜாவாவில் ‘காஸ்ட் பை’ என்று தொடங்கும் கடைசிப் பகுதியைப் பிடித்து, அதில் நம் கோப்பின் பெயர் முதலில் வரும் வரியைத் தேட வேண்டும்.

தெரியாததை மறைப்பதைவிட ஆபத்தானது, செய்த தவறை மறைப்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு நிறுவனத்தில், நடப்பில் உள்ள தரவுத்தளத்தில் எந்த வரிசைகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் ‘வேர்’ (where) நிபந்தனை இல்லாமல், தரவை மாற்றும் ‘அப்டேட்’ கட்டளை ஒன்றை ஓட்டி, எல்லா வாடிக்கையாளர்களின் முகவரியையும் ஒரே முகவரியாக்கிவிட்டேன். பயத்தில் நாற்பது நிமிடம் வாய் திறக்கவில்லை. அதற்குள் புதிய பில்கள் விழுந்துவிட்டதால், பேக்கப்பை அப்படியே மீட்க முடியாமல் இரண்டு பேர் விடிய விடிய உட்கார வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, அதே நிபந்தனையோடு, தரவைக் காட்ட மட்டும் செய்யும் ‘செலக்ட்’ ஓட்டி எத்தனை வரிசைகள் வருகின்றன என்று பார்க்காமல் நான் ‘அப்டேட்’ எழுதுவதில்லை, எழுதினாலும், தவறானால் பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய டிரான்சாக்‌ஷனுக்குள்தான். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், வேறு சர்வர் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளையே அழித்துவிட்டார். சுமார் ஆறு மணி நேரத் தரவு போய்விட்டது. அந்த நிறுவனம் அதை மூடி மறைக்காமல், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டி, பேக்கப்புகள் ஏன் கைகொடுக்கவில்லை என்பதையும் விரிவாக எழுதி வெளியிட்டது.

இப்போது பலரும் சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். கேட்கட்டும், ஆனால் வரிக்கு வரி விளக்கிச் சொல்ல முடியாத நிரலைச் சேர்க்கக் கூடாது, வாடிக்கையாளரின் தரவையோ கடவுச்சொல்லையோ அதில் ஒட்டவே கூடாது.

மூத்தவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். “இதுகூடத் தெரியாதா?” என்ற ஒரு சொல், ஒரு பிள்ளையை ஆறு மாதம் ஊமையாக்கிவிடும். எங்கள் அலுவலகத்தில் அரை மணி நேரம் முயன்றும் நகரவில்லை என்றால் கேட்டே தீர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அந்தத் தம்பி சென்ற வாரம் காலை பத்தரை மணிக்கே தாளோடு வந்து நின்றார். மூன்றாவது வரியை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தி, “இருங்க சார், புரிஞ்சிட்டு” என்று திரும்பிப் போனார்.