வார்னிங் – எச்சரிக்கை

புயல் எச்சரிக்கை, வெள்ள எச்சரிக்கை என்று கேட்டுப் பழகியதால், எச்சரிக்கை என்றதும் இனி வரப்போகிற ஆபத்துதான் நம் நினைவுக்கு வருகிறது. இரவு பேக்கப் முடிந்து சர்வர் அனுப்பும் மெயிலில் இருக்கிற வார்னிங் அப்படியல்ல. அது நடந்து முடிந்ததைச் சொல்கிறது. அதனால்தான் புதிதாகப் பார்ப்பவர் பதறுகிறார், பழகியவர் படிக்காமலே அழித்துவிடுகிறார்.

சொல்லின் வேரைப் பார்த்தால் குழப்பம் தீரும். தெலுங்கில் ஹெச்சரிக, கன்னடத்தில் எச்சரிகெ. கன்னடத்தில் 'எச்சர' என்றால் விழிப்பு. தூக்கம் கலைவதற்கும் அதே சொல்தான். ஆக எச்சரிக்கை என்பது 'கண்ணைத் திறந்து பார்' என்பதே. வார்னிங்குக்கு இந்தப் பொருள் அச்சாகப் பொருந்துகிறது.

கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) நிரல் 24 என்ற முடிவு எண்ணோடு முடிந்தால் அதை வார்னிங் என்றே எழுதும்: பட்டியலில் இருந்த சில கோப்புகள் நகலெடுப்பதற்குள் மறைந்துவிட்டன. தற்காலிகக் கோப்புகள் என்றால் கவலையில்லை. 23 வந்தால் அது எரர். ஏதோ போய்ச் சேரவில்லை.

கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டும் டார் (tar) நிரல் சொல்வதில்தான் கவனம் வேண்டும். 'படிக்கும்போதே கோப்பு மாறிவிட்டது' என்று சொல்லி 1 என்ற எண்ணோடு முடியும். நடப்பதைப் பதிவுசெய்யும் லாக் கோப்பு என்றால் சரி, அது மாறிக்கொண்டேதான் இருக்கும். டேட்டாபேஸ் கோப்பு என்றால் பாதி பழையது, பாதி புதியது என்று நகலாகியிருக்கலாம். மீட்கும் நாளில் அது திறக்காமல் போகலாம். மைஎஸ்கியூஎல் (MySQL) டேட்டாபேஸில் இன்னோடிபி (InnoDB) என்ற சேமிப்பு முறையில் உள்ள அட்டவணைகளை, ஒரே கணத்து நிலையில் எடுக்கும் 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' தேர்வோடு டம்ப் எடுத்து, அதாவது தரவைத் தனிக் கோப்பாக எழுதி, அந்த டம்ப்பை பேக்கப்பில் சேர்ப்பதே முறை.

அப்புறம், கோப்பின் பாதையில் முதலில் வரும் சாய்கோட்டை (/) நீக்கியதாக டார் தினமும் ஒரு வரி சொல்லும். அது வெறும் தகவல். ஆனால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் (cron) அதையும் மெயிலாக அனுப்பிவிடும். உண்மையான எச்சரிக்கை அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். / என்ற மூல அடைவுக்கு மாறி, அங்கிருந்து சாய்கோட்டில் தொடங்காத சார்புப் பாதையாகக் கொடுத்தால் அந்த வரி வராது.

வார்னிங்குக்கு எச்சரிக்கை, எரருக்குப் பிழை, அலர்ட்டுக்கு விழிப்பூட்டல் என்று பிரித்து எழுதுவது நல்லது. பேக்கப்பைக் காப்புநகல் என்கிறோம். நகல் அரபியிலிருந்து வந்த சொல். ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதுவதைப் படியெடுத்தல் என்றார்கள். அந்த வழியில் காப்புப்படி என்பதே எனக்குப் பிடித்த சொல்.