மண்டபம் முகாமில் பிறந்தவர் இந்தியக் குடிமக்களா?

மண்டபம் முகாம் ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைச் சோதித்து அனுப்பிய இடம். அந்தத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோரை 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. இலங்கையில் சிங்களவருக்கும் தமிழருக்கும் இடையே பகை வளர்ந்ததில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அதே முகாமுக்கு அகதிகள் வந்திறங்கினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளின் நிலை என்ன?

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 3-இன்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் எந்த நாட்டவர் என்பது பொருட்டே இல்லை. முகாம் அட்டையில் 'இலங்கை' என்று போட்டிருந்தாலும் இந்த உரிமை போய்விடாது. மண்டபத்தில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

பலர் கவனிக்காதது அடுத்த தலைமுறைக் கணக்கு. 1984-இல் முகாமில் பிறந்த அம்மாவுக்கு 2003-இல் இங்கேயே மகள் பிறந்தாள் என்று வையுங்கள். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். ஆக மகளும் இந்தியர்தான். தம்பி 2006-இல் பிறந்திருந்தால் சிக்கல். அம்மா இந்தியர் என்பது மட்டும் போதாது; அகதியான அப்பா 'சட்டவிரோதக் குடியேறி' (பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர்) அல்ல என்றும் காட்டவேண்டும். ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு நாடு, தம்பிக்கு இன்னொன்று!

2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு ஆணையைக் குடியுரிமை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு, அவ்வளவுதான்.

சரி, கையில் என்ன வேண்டும்? பிறந்த இடம் தெளிவாக உள்ள பிறப்புச் சான்றிதழ். அந்தக் காலத்தில் வீட்டிலேயே பிறந்து பதியாமல் விட்டவர்கள், இப்போது கோட்டாட்சியரின் உத்தரவு பெற்றுப் பதியலாம். பாஸ்போர்ட் மறுக்கப்பட்டால் வாய்வார்த்தையோடு திரும்பிவிடாதீர்கள், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வழக்குக்கு அந்தத் தாள் உதவும். வக்கீல் செலவுக்குப் பணமில்லையென்றால் ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.